முதுகில் ஜிப் வைத்த சீருடை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குச் சீருடை வந்ததற்கு எல்லாரும் தாளாளரைத்தான் திட்டினார்கள். உண்மையில் திட்டியிருக்க வேண்டியது என்னை. இருபத்தொரு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். தப்பு எந்த வரியில் தொடங்கியது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தப்பு என் சிவப்புப் பேனாவில் தொடங்கியது.

தாளாளர் அதுவரை ஓட்டல் நடத்திக்கொண்டிருந்தவர். பள்ளிக்கூடம் அவருடைய அம்மா கட்டியது. அந்த அம்மா போன பிறகு ஓட்டலைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். கெட்டவர் என்று வாய்கூசாமல் சொல்ல முடியாது. வந்த முதல் வாரமே ஒழுகிய குழாய்களை எல்லாம் மாற்றினார். இரண்டாவது வாரம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாவது வாரம் எல்லார் மேஜையிலும் ஒரு படிவம் கிடந்தது. ‘ஆசிரியர்களுக்கான சீருடை: கருத்துக் கேட்பு.’ பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதக் கோடு.

சாயங்காலம் நாலு மணிக்கு, நாற்பத்தெட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்த கையில் அப்படி ஒரு தாளைக் கொடுத்தால் ஒரு டீச்சர் என்ன செய்வாள்? முதல் கேள்வியைப் படித்தேன். ‘நேர்த்தியான தோற்றம் தரும் சீருடையை நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள்?’ பக்கத்திலேயே சிவப்பில் எழுதினேன்: ‘விரும்புகிறோமா என்று முதலில் கேட்க வேண்டும். அரை மார்க்.’ நாலாவது கேள்வியும் ஏழாவது கேள்வியும் ஒன்றேதான். இரண்டையும் இணைத்துக் கோடு இழுத்து, ‘கேட்டதையே கேட்கக் கூடாது’ என்று போட்டேன். கடைசியில் வட்டத்துக்குள் பத்துக்கு மூன்று, கீழே என் கையெழுத்து.

பக்கத்து மேஜையிலிருந்து ஓவிய சார் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய தாளில் அவர் இரண்டரை போட்டார். பிறகு ஆசிரியர் அறை முழுக்க அது தொற்றிக்கொண்டது. மறுநாள் காலை முப்பத்தொரு படிவமும் சிவப்பு மையில் முழுகி எழுந்து அலுவலகத்துக்குப் போயின. எந்தப் படிவத்திலும் ஒரு வரி பதில் இல்லை. திருத்துகிற மும்முரத்தில், பதில் எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதை முப்பத்தொரு பேரும் மறந்துவிட்டோம். வேறு எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ‘கருத்துக் கேட்பில் எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஆகவே அடுத்த மாதம் முதல் சீருடை கட்டாயம்.’

ஓவிய சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “மேடம், நாம கேள்விக்கு மார்க் போட்டோமே தவிர, வேணாம்னு யாருமே எழுதலையே.”

நான் சிவப்புப் பேனாவை மூடி மேஜை டிராயருக்குள் போட்டேன்.

தையல்காரர் வந்து ஆசிரியர் அறையில் எங்களை வரிசையாக நிறுத்தி அளவெடுத்தார். “நேரா நில்லுங்க மேடம். கையைக் கீழ விடுங்க. மூச்சு விடாதீங்க.”

“வகுப்புல நாங்க இப்படி நிக்கவே மாட்டோமேப்பா,” என்றேன்.

“சார் குடுத்த மாடல் அப்படிங்க. நின்ன வாக்குல அளவெடுத்தா போதும்னு சொல்லிட்டாங்க,” என்று நாடாவை இழுத்தார்.

வந்து சேர்ந்த சீருடையின் லட்சணத்தைச் சொல்கிறேன். பெண்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகச் சாம்பல் நிறத்தில் ஓர் அங்கி. முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஜிப். அதற்கு மேல் தோளைப் பிடிக்கும் ஒரு கோட்டு. ஆண்களுக்கு அதே நிறத்தில் ஒட்டிப்பிடித்த காற்சட்டையும் கோட்டும். இரண்டிலும் மருந்துக்குக்கூட ஒரு பை கிடையாது. பை வைத்தால் துணி உப்பிக்கொண்டு அழகைக் கெடுக்குமாம். ஓட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அது நல்ல உடுப்பாக இருந்திருக்கும். நானும் உங்களில் ஒருவன்தான் என்று தாளாளர் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். அதை மட்டும் மெச்ச வேண்டும்.

முதல் நாள் நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எனக்கு வியாதி. காலை நாலு பீரியடில் தலைக்கு மேல் கை தூக்கியது ஐம்பத்தெட்டு முறை, குனிந்தது எண்பத்தொரு முறை. ஒவ்வொரு தடவையும் அக்குளில் தையல் ‘நறுக்’ என்று பேசியது. மதியத்துக்கு மேல் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுத ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சு ஆட்கள் எழுந்து நின்று எழுதினார்கள். சாக்பீஸ் வைக்க இடம் இல்லாததால் நாள் முழுக்க அதைக் கையிலேயே பிடித்திருந்தேன். பீரோ சாவியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். ஓவிய சார் பென்சிலைக் காதில் செருகி, ரப்பரை வாயில் கவ்விக்கொண்டு பாடம் நடத்தினார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை.

சின்னவள் என்றால் என் தம்பி மனைவி. எட்டு வருஷமாக இதே பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் அவளைப் பார்த்தால் கேள்வி கேட்பதற்கென்றே ஓடி வருவார்கள், அவளும் மணியடித்த பிறகுகூட நின்று பதில் சொல்வாள். தவளைக்குப் பல் இருக்கிறதா என்று ஒரு பிள்ளை கேட்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்த வாரமும் சீருடை வந்த வாரமும் ஒன்றாகவே அமைந்தன. மகளுக்கு நாலு மாதம். அந்தக் குட்டி மகாராணிக்கு அம்மாவின் பால் தவிர வேறு எது கொடுத்தாலும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே சின்னவள் பள்ளியில் இரண்டு வேளை பால் எடுத்துப் புட்டியில் வைத்தால்தான் மறுநாள் பகலில் குழந்தைக்கு ஆகாரம். எடுக்காவிட்டால் இங்கே மார்பில் கட்டிக்கொள்ளும், அங்கே வீட்டில் என் தம்பி கையில் பிள்ளை வீறிட்டு அழும்.

ஆய்வகத்துக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று உண்டு. தாழ்ப்பாள் போடலாம், ஒரு நாற்காலி போடலாம். பழைய உடுப்பாக இருந்தால் ஒன்பது நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். இந்த அங்கியில் முதலில் கோட்டைக் கழற்ற வேண்டும். முதுகு ஜிப்பை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். பிறகு அங்கி முழுவதையும் இடுப்புவரை இறக்கி, கண்ணாடிக் குடுவைகளுக்கும் எலும்புக்கூட்டுப் படத்துக்கும் நடுவே அவள் உட்கார வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். இடைவேளை பதினைந்து நிமிஷம்.

அந்த இன்னொரு ஆள் நான்தான். மணி அடித்ததும் மாடியிலிருந்து நாற்பத்திரண்டு படி இறங்கி ஓடுவேன். ஜிப்பை இறக்குவேன், கதவுக்கு வெளியே காவல் நிற்பேன், உள்ளேயிருந்து “அண்ணி, ஜிப்” என்று குரல் வந்ததும் போய் ஏற்றுவேன். ஒரு நாள் ஜிப் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. முதுகு திறந்தபடியே மேலே கோட்டை மாட்டிக்கொண்டு போய், பலகைப் பக்கம் திரும்பாமல் அவள் பாடம் நடத்தினாள். வகுப்புக்குள் போகும் முன் அவள் கண்ணில் நீர் நின்றதைப் பிள்ளைகள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

“தாளாளர்கிட்ட நான் போய்ச் சொல்றேன்,” என்றேன் அன்றைக்கு.

“ஐயோ அண்ணி, வேணாம். இதப் போய் ஒரு ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்லுவீங்க? நாளைக்கு நான் அவர் முகத்துல முழிக்க வேணாமா? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

பண்ணித் தொலைத்தேன். அவள் இரண்டாவது வேளையை விட்டுவிட ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் பால் கட்டிக்கொண்டு, புதன்கிழமை சாயங்காலம் நல்ல காய்ச்சல். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தான். அவள் வெந்நீரில் நனைத்த துணியை மார்பில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“எழுதி வெச்சுட்டேன் அண்ணி. வெள்ளிக்கிழமை குடுத்துடப்போறேன்,” என்றாள்.

“எதை?”

“ராஜினாமாவை. இவளையும் பட்டினி போட்டு, என்னையும் வதைச்சுக்கிட்டு எதுக்கு? அப்புறமா வேற எங்கயாவது பார்த்துக்கலாம்.”

அப்புறமாவது, கிடைப்பதாவது. பாதி வருஷத்தில் வேலையை விட்ட அறிவியல் டீச்சருக்கு இன்னொரு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வருஷமாக அவள் ஆசையாகச் செய்த வேலை, நான் விளையாட்டாகப் போட்ட மூன்று மார்க்கில் போகப்போகிறது. படிவம் வந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தம்பி கொடுத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை காலை. யார் வரவில்லையோ அவர்களுடைய பீரியடுக்கு மாற்று ஆள் போடுவது என் பொறுப்பு. கணக்கு டீச்சர் தலையில்தான் எல்லாப் பள்ளியிலும் அதைக் கட்டுவார்கள். சின்னவளைச் சேர்த்து அன்றைக்கு ஐந்து பேர் வரவில்லை. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஓர் இடம் இடித்தது. இரண்டாவது பீரியடு, ஆறாம் வகுப்பு, ஆய்வகத்தில் விதை நடுவது. முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு காகிதக் குவளைகள், ஒரு மூட்டை மண், ஒரு வாளித் தண்ணீர். ஆள் பற்றாக்குறை வந்தால் தயங்காமல் தன்னைக் கூப்பிடும்படி தாளாளர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். நான் தயங்கவில்லை. பழிவாங்கும் எண்ணம் துளியும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

தாளாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகவே வந்தார், சாம்பல் கோட்டும் அதுவுமாக. எனக்கு அந்த பீரியடு ஆய்வகத்தை ஒட்டிய அறையில். நடுவில் பலகைத் தடுப்புதான், உள்ளே தும்மினால் இங்கே கேட்கும். முதல் பத்து நிமிஷம் அவருடைய குரல் கணீரென்று கேட்டது. பிறகு “சார், என் கப்பு ஓட்டை”, “சார், இவன் விதையை முழுங்கிட்டான்”, “சார், இங்க வந்து பாருங்க, கீழ கொட்டிடுச்சு” என்று நாலாபக்கமும் இரைச்சல். அதற்கு நடுவில், துணி கிழியும் சத்தம் நன்றாக நீளமாகக் கேட்டது. உடனே ஆய்வகம் நிசப்தமானது. அதன் பிறகு சிரிப்பு.

என் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தாளாளர் கரும்பலகையோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார். பிள்ளைகளைப் பார்த்தபடியே கையைப் பின்னால் வளைத்து ‘விதை’ என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து படியிறங்கிப் போனது. முன் பெஞ்சுப் பெண் என்னைப் பார்த்ததும், “மிஸ், சார் திரும்பாமலே எழுதுறாரு!” என்று மெச்சிக்கொண்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள். அவர் அசையவில்லை. அலுவலகத்துக்குப் போக மைதானத்தைக் கடக்க வேண்டும்.

“டீச்சர்,” என்றார் சன்னமாக. “ஒரு ஊக்கு இருக்குமா?”

“எப்பவும் ரெண்டு மூணு வெச்சிருப்பேன் சார். இப்ப வெச்சுக்கப் பை இல்லையே,” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது. சுவரில் சின்னவளின் பழைய ஆய்வகக் கோட்டு தொங்கியது. சீருடைக்கு மேல் அதைப் போடக் கூடாது என்று உத்தரவு. முழங்கால் வரை வரும் வெள்ளைக் கோட்டு, இரண்டு பக்கமும் பெரிய பைகள். எடுத்து நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். கிழிசல் மறைந்தது. பிறகு, பை இருந்தால் எல்லாரும் செய்வதைப்போல, இரண்டு கையையும் பைக்குள் விட்டார்.

சாக்பீஸ் துண்டு வந்தது. ஒரு கைக்குட்டை வந்தது. மூன்று ஊக்குகள் வந்தன. “அட, இருக்கே!” என்று சிறுபிள்ளை மாதிரி மகிழ்ந்தார். கடைசியாக ஓர் உறை வந்தது. அதன் மேல் ‘தாளாளர் அவர்களுக்கு’ என்று சின்னவளின் உருண்டைக் கையெழுத்து.

அது அவளுடைய ராஜினாமா என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புது அங்கியில் பை இல்லாத பாவத்துக்கு அவள் அதை இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“சார், அது வந்து...” என்றேன்.

“எனக்குத்தான் எழுதியிருக்கு,” என்று பிரித்தார்.

நின்றபடி படித்தார். மறுபடி படித்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்த தையலும் போகும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். அவள் மூன்றே வரி எழுதியிருந்தாள். ‘என் குழந்தைக்காக நான் பள்ளியில் இரண்டு முறை பால் எடுக்க வேண்டும். இந்த உடையில் அதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது, இடைவேளை பதினைந்து நிமிடம்தான். ஆகவே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ வாயால் சொல்லவே வராது என்றவள், எழுத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை.

“இருபத்திரண்டு நிமிஷமா ஆகுது?”

“ஜிப்பை இறக்கி ஏத்தறது நான்தான் சார். கடிகாரம் பார்த்திருக்கேன். ஒரு நாள் சிக்கிக்கிட்டு அதுக்கும் மேல ஆச்சு.”

“ஏன் டீச்சர் ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல?” அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “நான் கேட்டேனே. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே எழுதின கேள்விங்க அது. முப்பத்தொரு பேரும் மார்க் போட்டு அனுப்பினீங்க. அதுலயும் ஒருத்தராவது பாஸ் போட்டீங்களா? என் பொண்ணு அதப் பார்த்துட்டு ஒரு வாரம் சிரிச்சா.”

“ஆரம்பிச்சு வெச்சது நான்தான் சார்,” என்றேன். சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு அணை போட முடியவில்லை. “நீங்க கேட்டீங்க, நாங்க பதில் சொல்லல. தப்பு எங்க மேலதான். நான் பண்ணின கிண்டல்தான் எல்லாத்துக்கும் முதல். ஆனா அதுக்கு அவளுக்குத் தண்டனையா சார்? அவ அப்ப லீவுல இருந்தா. அவ உங்களுக்கு மார்க்கே போடல.”

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் தாளாளர் முன்னால் அழுதேன். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை இல்லை. அவர் கோட்டுப் பையில் கிடைத்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

நான் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

“இத நான் படிச்சது அவங்களுக்குத் தெரிய வேணாம். சங்கடப்படுவாங்க. இருந்த இடத்துலயே இருக்கட்டும். குடுக்கறதும் குடுக்காததும் அவங்க முடிவு.” எழுந்தார். “நாளையிலேருந்து எல்லாரும் அவங்கவங்க பழைய துணியில வாங்க. தையல்காரரை மறுபடி வரச் சொல்றேன். நின்ன வாக்குல அளவெடுக்கச் சொன்ன அறிவாளி யாரு?”

“நீங்கதான் சார்.”

“தெரியும், தெரியும்,” என்று சிரித்துவிட்டார். வெள்ளைக் கோட்டோடு மைதானத்தைக் கடந்து போனார். மதியம் அந்தக் கோட்டு திரும்பி வந்து அதே ஆணியில் தொங்கியது. பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தேன், உறை உள்ளே இருந்தது.

சாயங்காலம் சின்னவளிடம், சீருடை மாறப்போகிறது என்று மட்டும் சொன்னேன். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். “அண்ணி! சொல்லிட்டீங்களா? சத்தியம் பண்ணினீங்களே!”

“நானாப் போய் எதையும் சொல்லல. தாளாளர் ஆறாம் வகுப்புல குனிஞ்சாரு, காற்சட்டை கிழிஞ்சுது. அவ்வளவுதான்.”

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவள் வலிக்கிற பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. கூடவே என் குற்றத்தையும் சொல்லிவிட்டேன், படிவம், சிவப்புப் பேனா, மூன்று மார்க், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“மூணா குடுத்தீங்க? தாராள மனசு அண்ணி உங்களுக்கு,” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா லெட்டரை நான் கிழிக்க மாட்டேன். புதுசு எப்படி வருதுன்னு பார்க்கறேன். மறுபடியும் முதுகுல ஜிப் வெச்சு வந்துச்சுன்னா, அன்னிக்கே குடுத்துடுவேன்” என்றாள்.

அதில் பிடிவாதம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ஆகவே என் பயம் தீரவில்லை.

அவள் குணமாகி வந்த திங்கட்கிழமை தையல்காரரும் வந்தார். ஒரு நோட்டோடு கடைசி பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தார். நாங்கள் எக்குவதை, குனிவதை, தரையில் உட்கார்ந்து எழுவதை, மை கொட்டிய பிள்ளையைத் துடைப்பதை, மூக்கில் ரத்தம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எல்லாம் பார்த்தார். மூன்றாம் நாள் என்னிடம், “டீச்சர் வேலைன்னா பேசற வேலைன்னு நெனச்சேன் மேடம். இது மூட்டை தூக்கற வேலையால்ல இருக்கு!” என்றார். இந்தத் தடவை அளவெடுக்கும்போது, “கையைத் தூக்குங்க. இன்னும். போர்டு உச்சி வரைக்கும். இப்ப குனிங்க. இப்ப உட்காருங்க” என்று எங்களை ஆட்டிவைத்துவிட்டார்.

தாளாளரிடமிருந்து இன்னொரு படிவமும் வந்தது. ஒரே கேள்வி: ‘உங்கள் வேலைக்கு உங்கள் உடுப்பில் என்ன வேண்டும்?’ முப்பத்திரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக நீலப் பேனாவில் பதில் எழுதினோம். நான் இரண்டு பக்கம் எழுதினேன். சின்னவள் இரண்டே சொல் எழுதினாள்: ‘முன்பக்கம் பொத்தான்.’ அதைப் படித்த தையல்காரர் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாம், பிறகுதான் தெரிந்தது.

தைத்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் நான் ஆய்வகப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் போனேன்.

உடுப்பு வந்தது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற பருத்தித் துணி, சாக்பீஸ் தூசி தெரியாத நிறம், தொளதொளவென்று இடுப்புக்குக் கீழ் இறங்கும் மேல்சட்டை. நாலு பை. கழுத்திலிருந்து கீழ்வரை முன்னால் பொத்தான். ஓவிய சார் நாலு பையையும் முதல் பீரியடுக்குள் நிரப்பிவிட்டு, ஐந்தாவது வைத்திருக்கலாம் என்று குறைப்பட்டார். நான் கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதினேன். எந்தத் தையலும் பேசவில்லை. கடைசி பெஞ்சு ஆட்கள் உட்கார்ந்தே எழுதினார்கள்.

இடைவேளை மணி அடித்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே நாற்பத்திரண்டு படியும் இறங்கின. சாமான் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வழக்கம்போல வெளியே நின்றேன். “அண்ணி, ஜிப்” என்ற குரலுக்குக் காது காத்திருந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆறு. ஏழு. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வேறு ஏதாவது கோளாறோ, உட்கார்ந்து அழுகிறாளோ என்று கதவில் காதை வைத்தேன். தட்டலாமா என்று கையை ஓங்கினேன்.

தாழ்ப்பாள் திறந்தது. சின்னவள் வெளியே வந்தாள். பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. ஒரு பையில் மூடி போட்ட புட்டி, இன்னொன்றில் சாக்பீஸ், கையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் செடி முளைத்த ஒரு காகிதக் குவளை. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிஷம்.

“என்ன அண்ணி, இங்க நிக்கிறீங்க?”

“சும்மாதான்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு நாளாக அடக்கி வைத்தது வாயை மீறி வந்துவிட்டது. “ஏம்மா, அந்த லெட்டர்...?”

“எந்த லெட்டர்?” என்றாள்.

இன்னும் ஏழு நிமிஷம் மிச்சம் இருந்தது. குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேநீர் ஆறிப்போகும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு நடந்தாள்.